இடது ஜன்னல், வலது ஜன்னல்

கெய்ன்ஸிலிருந்து குக்டவுனுக்குப் போக இரண்டு வழிகள். ஒன்று, மலைத்தொடருக்கு மேற்கே சுற்றிப் போகும் முல்லிகன் நெடுஞ்சாலை; சுமார் 330 கிலோமீட்டர், முழுக்கத் தார். இன்னொன்று கடலோரமாக மழைக்காட்டுக்குள் ஏறி இறங்கும் வழி. தூரம் குறைவுதான். ஆனால் நடுவே முப்பது கிலோமீட்டர் அளவுக்கு வெறும் மண்தடம். ஓடைகளில் வண்டியை இறக்கித்தான் அக்கரை ஏறவேண்டும். ஆஸ்திரேலியாவின் வடகிழக்கு மூலையில், குயின்ஸ்லாந்தின் கேப் யார்க் தீபகற்பம் தொடங்கும் இடத்தில் இருக்கிறது குக்டவுன். மூவாயிரம் பேருக்கும் குறைவானவர்கள் வாழும் ஊர். தார்ச்சாலை முழுமையாக வந்து சேர்ந்ததே 2000களின் நடுவில்தான்.

போகும்போது உள்நாட்டு வழி, திரும்பும்போது கடலோர வழி என்று தீர்மானித்தவன் அக்கா மகன். ஃபோர்வீல் டிரைவ் அவனுடையது; வாடகை வண்டி எடுத்தால் தாரைவிட்டு இறங்கக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகிறார்கள். சென்னையில் பிறந்து வளர்ந்து, வேலைக்காக ஆஸ்திரேலியா போனவன். நான் கோவில்பட்டிக்கு மேற்கே கரிசல் கிராமத்தில் வளர்ந்தவன். இந்த வித்தியாசம் அந்தப் பயணத்தில் இவ்வளவு தூரம் வேலை செய்யும் என்று கிளம்பும்போது தெரியாது.

வண்டியில் வழி சொல்லும் பெண்குரல் மரீபா ஊரைத் தாண்டும்வரை ஓயாமல் பேசிக்கொண்டு வந்தது. இடது பக்கம் திரும்பு, ரவுண்டானாவில் இரண்டாவது வழி, வலது பக்கம் ஒதுங்கு. பிறகு பேச்சை நிறுத்திவிட்டது. "இனிமே அதுக்கு வேலை இல்ல மாமா, நூத்துக்கணக்கான கிலோமீட்டர் ஒரே ரோடு" என்றான். கடலிலிருந்து வரும் மழையை மலையின் கிழக்குச் சரிவே வாங்கிக்கொள்வதால் மேற்குப் பக்கம் காய்ந்து கிடக்கிறது. யூகலிப்டஸ், உயரமான உலர்புல், செந்நிறக் கரையான் புற்றுகள், மறுபடியும் யூகலிப்டஸ். எதிரே மணிக்கு ஒன்றிரண்டு வண்டி. குரல் நின்ற பிறகு அந்த வேலையை அவன் எடுத்துக்கொண்டான். "இடது ஜன்னல்ல பாருங்க மாமா, வாலபி." "வலது பக்கம் பாருங்க, பருந்து." காரில் போகிறவனுக்கு நாடு என்பது இடது ஜன்னலும் வலது ஜன்னலும்தான். திரும்பி வரும்போது இரண்டும் இடம் மாறிவிடும்.

குக்டவுனுக்கு 25 கிலோமீட்டர் இருக்கையில் சாலையை ஒட்டியே கருமலை. கிழக்குக் குக்கு யலஞ்சி மக்கள் அதைக் கல்கஜகா என்கிறார்கள். அரசின் பெயர்ப்பலகையும் இப்போது அதையே முதலில் சொல்கிறது. தேசியப் பூங்காதான், ஆனால் நடைபாதை கிடையாது. சாலையோரத்தில் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போகவேண்டும், அவ்வளவே. வீட்டளவு, வண்டியளவுப் பாறைகள் மண்ணே இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து மலையாகி நிற்கின்றன. ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் இறுகிய கருங்கல், மேலிருந்த மண் அரித்துப் போனபின் வெளியே வந்து, வெடிப்பு வழியாக உடைந்து உருண்டது. கல்லின் உள்நிறம் சாம்பல்தான். மேலே படிந்த இரும்பு, மாங்கனீசு ஆக்ஸைடுகளும் நுண்பாசியும் கறுப்பாக்கியிருக்கின்றன. அந்தக் குவியலின் இடுக்குகளில் மட்டுமே வாழும் உயிர்கள் உண்டு: ஒரு தவளை, ஓர் அரணை, ஒரு பல்லி. உலகத்தில் வேறெங்கும் இல்லை. எதிரே சாலைக்கு அந்தப் பக்கத்திலேயே இல்லை.

பேய் மலை, உள்ளே போன மாடும் ஆளும் திரும்பியதில்லை என்று வழிநெடுகக் கதை சொல்வார்கள். பாறை இடுக்கில் கால் தவறி விழுந்தால் யாரும் திரும்ப முடியாதுதான். அதற்குப் பேய் தேவையில்லை. அதைவிட அந்தத் தவளைதான் எனக்கு அதிசயம். அதன் உலகம் முழுவதையும் நாங்கள் காரில் நிமிஷத்தில் கடந்துவிட்டோம்.

குக்டவுனின் பிரதான வீதி சார்லட் தெரு. இவ்வளவு சிறிய ஊருக்கு இவ்வளவு அகலமா என்று தோன்றும். ஊர் நினைத்திருந்த அளவும் ஊர் ஆன அளவும் வேறு. 1873இல் முல்லிகன் என்பவர் பாமர் ஆற்றில் தங்கம் கிடைப்பதாகத் தெரிவிக்க, அந்த ஆண்டு அக்டோபரிலேயே இங்கே கப்பல்கள் வந்துவிட்டன. கூடாரம், மதுக்கடை, வங்கி, கன்னிமாடம் எல்லாம் வரிசையாக முளைத்தன. 1877 வாக்கில் பாமர் தங்கவயல்களில் ஏறத்தாழ 17,000 சீனர்கள் இருந்தார்கள். உள்ளூர் இடுகாட்டில் அவர்களுக்கென்று ஒரு நினைவிடம் உண்டு. இறந்தவர்களின் எலும்பைப் பின்னாளில் தோண்டியெடுத்துச் சீனத்துக்கு அனுப்பிவைத்தார்கள். தங்கம் தீர்ந்தது. 1888இல் லாரா வரை போட்ட ரயில் அதற்குமேல் தங்கவயலுக்குப் போகவே இல்லை. 1961இல் தண்டவாளத்தையும் மூடிவிட்டார்கள். ஆற்றங்கரைப் பூங்காவில் பழைய பீரங்கி நிற்கிறது. ரஷ்யர்கள் படையெடுத்து வரக்கூடும் என்று 1885இல் ஊரார் தந்தி அடித்துக் கேட்டதற்கு, ஒரு பீரங்கியும் மூன்று குண்டும் இரண்டு துப்பாக்கியும் ஓர் அதிகாரியும் வந்து சேர்ந்ததாகச் சொல்கிறார்கள். ரஷ்யர்கள் வரவில்லை. குண்டு தீரவும் இல்லை.

அதே தெருவில் ஒரு நினைவுச்சின்னம். குடிநீர்க் குழாயோடு கட்டியது, 1886. மேரி வாட்சன் என்ற இளம்பெண்ணுக்காக. லிசர்ட் தீவில் கணவன் கடலட்டை பிடித்து, அவித்து, உலர்த்தி விற்றுவந்தான். நம் மன்னார் வளைகுடாக்காரர்களுக்குப் பழகிய தொழில். சரக்கு போய்ச் சேர்ந்த ஊரும் அதே சீனம்தான். கணவன் தொலைவில் இருந்தபோது, 1881இல், தீவின் உரிமைக்காரர்கள் தாக்கினார்கள். அந்தத் தீவு அவர்களுக்குப் புனித இடம். வேலைக்காரச் சீனர் ஒருவர் இறந்தார், இன்னொருவருக்கு ஈட்டிக் காயம். அட்டை அவிக்கும் இரும்புத் தொட்டியில் கைக்குழந்தையோடும் காயப்பட்டவரோடும் மேரி கடலில் மிதந்து போய், தண்ணீர் இல்லாத வேறொரு தீவில் ஒதுங்கி, தாகத்தில் செத்துப்போனாள். அவள் பென்சிலில் எழுதிய குறிப்புகள் கிடைத்தன. தாகத்தில் இறந்தவளுக்குக் குடிநீர்க் குழாய் என்று யோசித்தவர் யாரோ, மனசு உள்ளவர். பழிவாங்கப் போன காவலர்கள் கரைநெடுகச் சுட்டுக் கொன்ற மக்களுக்கு அந்தத் தெருவில் குழாய் எதுவும் இல்லை.

ஊருக்கு மேலே புல்குன்று. உச்சிவரை கார் போகிறது. 1886இல் வைத்த சிறிய கலங்கரை விளக்கம், கீழே எண்டவர் ஆற்றின் முகத்துவாரம், கிழக்கே பவளத்திட்டுகளின் வெளிர்ப்பச்சைத் திட்டுத்திட்டான நீர். 1770இல் ஜேம்ஸ் குக் இந்தக் குன்றின்மேல் ஏறி நின்று, பவளத்திட்டுகளுக்கு நடுவே வெளியேற வழி இருக்கிறதா என்று பார்த்தார். ஜூன் 11 இரவு அவருடைய எண்டவர் கப்பல் தெற்கே ஒரு திட்டில் மோதியது. பீரங்கிகளைத் தூக்கிக் கடலில் எறிந்து, ஓட்டையைப் பாய்த்துணியால் அடைத்து, ஜூன் 17 அன்று இந்த ஆற்றுக்குள் கொண்டுவந்து கரை தட்டவைத்தார்கள். ஆகஸ்ட் 4 வரை பழுதுபார்ப்பு. எறிந்த பீரங்கிகளை 1969இல் கடலடியில் கண்டெடுத்தார்கள். அவற்றில் ஒன்று கன்னிமாடமாக இருந்த அருங்காட்சியகத்தில் கிடக்கிறது. கங்காரு என்ற சொல் இந்த ஏழு வாரங்களில்தான் உலகத்துக்குப் போனது. அந்தக் கதையை எல்லாரும் சொல்லியாகிவிட்டது, நான் விட்டுவிடுகிறேன்.

குக் வைத்த பெயர்களைப் பாருங்கள். மோதப்போகும் இடத்துக்குத் தெற்கே இருந்த முனைக்கு இன்னல் முனை என்று பெயர். இழுத்துப் பிடித்துக் கரை சேர்ந்த வழியில் நம்பிக்கைத் தீவுகள், களைப்பு விரிகுடா. வரைபடத்தில் வரிசையாகப் படித்தால் ஒரு மனிதரின் அந்த வாரத்து மனநிலை தெரிகிறது. நிலத்தைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. பயணிகள் எப்போதும் செய்வதுதான். கருமலையை இடது பக்கம் கொண்டுபோய் வைத்தவர்கள் நாங்களும்தானே.

அந்த ஏழு வாரத்தில் நடந்த ஒன்றைக் குக்கும் அவரோடு கப்பலில் வந்த தாவரவியலாளர் பேங்க்ஸும் தங்கள் நாட்குறிப்புகளில் எழுதியிருக்கிறார்கள். ஜூலை 19 அன்று அந்தக் கரையின் உரிமைக்காரர்களான கூகு யிமிதிர் மக்களில் சிலர் கப்பலில் ஏறி வந்தார்கள். தளத்தில் ஆமைகள் மல்லாந்து கிடந்தன. அவர்களுடைய கடலில், அவர்களைக் கேட்காமல் பிடித்தவை. ஒன்றைக் கேட்டார்கள்; மறுத்தார்கள். இழுத்துப் போகப் பார்த்தார்கள்; தடுத்தார்கள். கரைக்குப் போனவர்கள் கீல் காய்ச்சும் அடுப்பிலிருந்து நெருப்பெடுத்து முகாமைச் சுற்றிப் புல்லுக்குத் தீ வைத்தார்கள். குக் சுட்டார், ஒருவருக்குக் காயம். பிறகு ஒரு முதியவர் முனை இல்லாத ஈட்டியோடு முன்னால் வந்தார். பேச்சு என்று சொல்ல முடியாத ஏதோ பேச்சு நடந்தது. ஈட்டிகளை மரத்தில் சாய்த்து வைத்தார்கள், குக்கின் ஆட்கள் தாங்கள் எடுத்துவைத்திருந்த ஈட்டிகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். அது நடந்த இடத்துப் பாறைகளை இப்போது சமரசப் பாறைகள் என்கிறார்கள். சமரசம் நடந்தது உண்மை. ஆமை கொடுத்ததாக யாரும் எழுதவில்லை.

கரையில் நின்ற இந்த இரண்டு கூட்டத்துக்கும் பொதுவாக ஒரு விஷயம் இருந்தது. மாலுமி நிலத்தைத் திசையால் எழுதுகிறவன். குக்கின் நாட்குறிப்பு முழுக்க வடமேற்கும் தென்கிழக்கும்தான். கூகு யிமிதிர் மொழி அதையும் தாண்டி, எல்லாவற்றையும் திசையால் சொல்வது. மொழியியலாளர் ஜான் ஹேவிலண்ட் 1970களிலிருந்தும், ஸ்டீஃபன் லெவின்சன் அவருக்குப் பின்னும் அந்த மக்கள் வாழும் ஹோப்வேல் ஊரில் தங்கி இதை ஆராய்ந்தார்கள். வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு நான்கும்தான் பேச்சுக்கு அடிப்படை. உன் இடது காலருகே எறும்பு என்று சொல்லமாட்டார்கள். காலுக்கு வடக்கே எறும்பு. படகு கவிழ்ந்து சுறாக்களுக்கு நடுவே நீந்திக் கரைசேர்ந்த கதையை ஒரு முதியவர் இரண்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை சொல்லியிருக்கிறார், படமும் எடுத்திருக்கிறார்கள். ஒருமுறை மேற்கே பார்த்து உட்கார்ந்திருந்தார், இன்னொருமுறை வடக்கே. கை சைகைகள் உடம்புக்கு ஏற்ப மாறின. படகு புரண்ட திசை மட்டும் மாறவில்லை.

இதைப் படித்தபோது உலகத்தில் இப்படியும் மனிதர்களா என்று வியந்தவர்கள் பட்டணத்துக்காரர்கள். எனக்கு எங்கள் ஆச்சி ஞாபகம்தான் வந்தது. பந்தியில் "ஏல, செத்தக் கெழக்காம தள்ளி உக்காரு" என்பாள். "அந்தச் சொம்ப வடக்காம நகத்தி வையி" என்பாள். வடக்கே தலைவைத்துப் படுக்கக்கூடாது என்பதால், விருந்தாடிப் போன வீட்டிலும் கும்மிருட்டில் வடக்கு எது என்று தெரிந்தாகவேண்டும். சோத்தாங்கை, பீச்சாங்கை உண்டு, ஆனால் அது கையோடு சரி. வீட்டுக்கும் வயலுக்கும் கை கிடையாது. இடம், வலம் என்று எங்கள் ஊரில் அழுத்திப் பேசியவர்கள் இரண்டு பேர். பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் ஒருவர். இன்னொருவர் வண்டிக்காரர்: வலத்து மாடு, இடத்து மாடு. நுகத்தில் பூட்டிய மாடு எந்தத் திசையில் திரும்பினாலும் வலத்து மாடு வலத்து மாடுதானே. நின்ற இடத்தில் வாழ்கிறவனுக்குத் திசை போதும், ஓடுகிற வண்டிக்குத்தான் இடவலம் வேண்டியிருக்கிறது என்று எனக்கு ஒரு எண்ணம். லெவின்சன் இருந்த நைமேகன் ஆய்வுக்குழுவைச் சேர்ந்த எரிக் பெடர்சன் 1990களில் தமிழ் பேசுவோரிடம் இதைச் சோதித்தார். கிராமத்தார் திசை சொன்னார்கள், நகரத்தார் இடவலம் சொன்னார்கள். ஒரே மொழி, இரண்டு வழக்கம். மேஜையில் பொம்மை மிருகங்களை வரிசையாக வைத்துக் காட்டி, ஆளைத் திருப்பி நிறுத்தி, மறுபடி அதே மாதிரி அடுக்கச் சொன்னால், யார் எந்தப் பக்கம் என்று அடுக்கும் முறையிலேயே தெரிந்துவிடும்.

ஓட்டலில் டீ கோப்பை, சர்க்கரைப் பொட்டலம், கரண்டி வைத்து மருமகனைச் சோதித்தேன். எழுந்து எதிர்ப்பக்கம் வந்து, கரண்டியைத் தன் இடக்கைப் பக்கமே வைத்தான். நான் திசைப்படி வைத்தேன். "ரெண்டும் ரைட்டுதான மாமா?" என்றான். இரண்டும் சரிதான்.

ஆனால் என் திசை அந்த ஊரில் சரியாக நிற்கவில்லை. குக்டவுன் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 15 பாகையில் இருக்கிறது. நாங்கள் போன ஆகஸ்டில் நண்பகல் வெயில் வடக்கே சாய்ந்து நின்றது. நிழல் தெற்கே விழுந்தது. நம் ஊரில் தை மாசி வெயில் தெற்கே சாய்ந்துதான் பழக்கம். மூளை சொல்வது ஒன்று, பிடரியில் அடிக்கும் வெயில் சொல்வது ஒன்று. எழுபது வயதை நெருங்கும் ஆள் தெருவில் நின்று கிழக்கு எது என்று கடலைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று.

ஹோப்வேல், குக்டவுனுக்கு வடமேற்கே 46 கிலோமீட்டர். 1886இல் லூத்தரன் பாதிரிமார் கேப் பெட்ஃபோர்டில் தொடங்கிய மிஷனின் வழித்தோன்றல் அந்த ஊர். ஐம்பதாண்டுக்கு மேல் அதை நடத்திய ஷ்வார்ஸ் ஜெர்மானியர். 1942 மே மாதம், ஜப்பானியர் நெருங்கிய நேரத்தில், ராணுவம் வந்து பாதிரியாரைச் சிறைவைத்தது. ஊராரை லாரியிலும் கப்பலிலும் ரயிலிலும் ஏற்றித் தெற்கே ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் வூரபிண்டாவுக்குக் கொண்டுபோனது. குளிரை அறியாத மக்கள், பனிக்காலத் தொடக்கம். சீக்கிரத்திலேயே பலர் நோயில் இறந்தார்கள். 1949 வாக்கில்தான் எஞ்சியவர்கள் திரும்ப முடிந்தது, அதுவும் பழைய இடத்துக்கு இல்லை. அந்த ஆண்டுகளில் அந்தப் பழக்கமற்ற ஊரில் குழந்தைகளுக்கு வடக்கு எது என்று எப்படிச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். திசை தெரிந்திருக்கும். அது எதற்கு வடக்கு என்பதுதான் போயிருக்கும்.

அங்கே கடையில் இருந்த பெண்ணிடம் ஓவியக்கூடம் எங்கே என்று மருமகன் கேட்டான். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். "செகண்ட் லெஃப்ட்" என்றாள் அவள், செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே. ஆராய்ச்சிக் கட்டுரையில் வாழும் கட்டாயம் அவளுக்கு இல்லை. இளையவர்கள் பேச்சு பெரும்பாலும் ஆங்கிலம் ஆகிவிட்டது; கோவில்பட்டியிலும் என் பேத்தி அப்படித்தான் வழி சொல்கிறாள்.

ரின்யிரு என்ற லேக்ஃபீல்ட் தேசியப் பூங்காவுக்குக் குக்டவுனிலிருந்து மேற்கே பேட்டில் கேம்ப் சாலை. மண்சாலை. வண்டி ஓடும் அதிர்வில் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டும். பெயரில் இருக்கும் போர், 1873 நவம்பரில் பாமருக்கு நடந்துபோன முதல் தங்கக்கூட்டத்துக்கும் வழியை மறித்த நிலத்துக்காரர்களுக்கும் விடியலில் நடந்தது. ஒரு பக்கம் துப்பாக்கி, மறுபக்கம் ஈட்டி. போர் என்று சொல்வது மரியாதைக்கு. அந்தச் செம்மண்ணில் மணிக்கு அறுபதில் போய்க்கொண்டே குளிர்பானம் குடித்தோம்.

பூங்கா ஐந்து லட்சம் ஹெக்டேருக்கு மேல். டிசம்பரிலிருந்து மழை முடிந்து நீர் வடியும்வரை அடைத்துவைப்பார்கள். நார்மன்பி ஆறும் அதன் கிளைகளும் சமவெளி முழுக்கப் பரவி, பிறகு வற்றி, குளங்குளமாகத் தங்கும். ஒவ்வொரு குளத்திலும் முதலை எச்சரிக்கைப் பலகை. உப்புநீர் முதலை, நன்னீர் முதலை இரண்டும் இருக்கின்றன. பலகை முதலாவதைப் பற்றித்தான். கூடாரத்தைக் கரையிலிருந்து தள்ளி அடிக்கவேண்டும், ஒரே இடத்தில் இரண்டுதரம் தண்ணீர் மொள்ளக்கூடாது. முதலைக்கு ஞாபகசக்தி உண்டு.

ஒரு குளத்துக்குச் செவ்வல்லிக் குளம் என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்திருக்கிறார்கள். வண்டியைவிட்டு இறங்கிப் பார்த்தால் தாமரை. நம் தாமரையேதான், அதே இனம். யாரும் கொண்டுபோய் நட்டதில்லை, வடக்கு ஆஸ்திரேலியாவில் தானாகவே உண்டு. கண்ணுக்கெட்டியவரை இலை, இளஞ்சிவப்புப் பூ, அதன்மேல் தாவி நடக்கும் இலைக்கோழி. கோயிலும் இல்லை, குளத்தங்கரையில் பூ விற்பவரும் இல்லை. பறிக்க ஆளில்லாத தாமரையை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. காய்ந்த காய்கள் கழுத்து ஒடிந்து தொங்கின. அந்த இடத்தில் வெகுநேரம் இருந்தோம். மருமகன் முதலையைத் தேடினான்.

நைஃபோல்ட் சமவெளி அதற்கும் வடக்கே. மரமே இல்லாத புல்வெளி, இடைக்கிடையே மட்டும் பனைக்கூட்டம். அந்தப் பனையும் தெரிந்த முகம்: தாளிப்பனையின் உடன்பிறப்பு. வாழ்நாள் முழுக்கச் சேர்த்த மாவுச்சத்தை ஒரேமுறை உச்சியில் பூவாக விரித்துவிட்டுச் செத்துப்போகும் சாதி. பூத்து முடித்த ஒன்று மட்டை தொங்க நின்றிருந்தது. பனைக்கு அப்பால் புற்றுகள். வழியில் பார்த்த உருண்டைப் புற்று வேறு, இது வேறு. ஆளுயரத்துக்கும் மேல், சுவரிலிருந்து பெயர்த்த வரட்டியை விளிம்பில் நிறுத்தியதுபோலத் தட்டையாக, நூற்றுக்கணக்கில், எல்லாம் ஒரே வாட்டத்தில். கூர்விளிம்பு வடக்கும் தெற்கும், அகலமான முகம் கிழக்கும் மேற்கும்.

கரையான்கள் இப்படிக் கட்டுவதற்குக் காரணம் நிலம்தான். மற்ற இடங்களில் வெயில் ஏறினால் அவை மண்ணுக்குள் இறங்கிவிடும். இங்கே மழைக்காலத்தில் தரை முழுக்கத் தண்ணீர். கீழே போக முடியாது, புற்றுக்குள்ளேயே சமாளிக்கவேண்டும். காலை இளவெயில் கிழக்குச் சுவரைச் சூடாக்கும். உச்சிவெயிலுக்கு விளிம்பு மட்டும்தான் அகப்படும். சாயங்காலம் மேற்குச் சுவர். திசைமாற்றித் திருப்பிவைத்த புற்றுக்குள் வெப்பம் தாறுமாறாக ஏறி இறங்குவதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கண்ணில்லாத பூச்சி காந்தப்புலத்தை உணர்ந்துதான் தொடங்குகிறது என்பது ஆய்வாளர்கள் பலர் கருத்து. நான் புற்றின் நிழல்பக்கம் உட்கார்ந்தேன். வந்ததிலிருந்து குழம்பிக்கிடந்த வடக்கு அங்கேதான் எனக்குத் தெளிந்தது. மருமகன் செல்போனை எடுத்துப் பார்த்துவிட்டு, கரையான் சொல்வது சரி என்றான்.

பழைய லாரா பண்ணைவீடு, தகரக் கூரையும் தூணுமாகக் காலியாக நிற்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். அதைப்பற்றிச் சொல்ல எனக்கு அதிகமில்லை.

திரும்பும் வழி கடலோரம். ஹெலன்வேலில் 1875இல் தொடங்கிய லயன்ஸ் டென் மதுக்கடை, சுவர் முழுக்க வந்தவர்கள் கிறுக்கிய பெயர்கள். அதைத் தாண்டி, கிழக்கே மலைக்கு அந்தப்பக்கம் சீடர் விரிகுடா, ங்கல்பா-புலல் தேசியப் பூங்கா. அதற்குச் சாலை கிடையாது. படகில் போகலாம், அல்லது நாள் முழுக்க நடக்கலாம். 1970களில் ஹிப்பிகள் சிலர் அங்கே குடிசை போட்டுப் பழமரம் வைத்து வாழ்ந்தார்கள். 1976 ஆகஸ்டில் போலீஸ் ஹெலிகாப்டரிலும் கடற்படைப் படகிலும் வந்து குடிசைகளைக் கொளுத்தி மரங்களை வெட்டியது. குயின்ஸ்லாந்தில் அது பெரிய சர்ச்சை ஆனது. ஹெலிகாப்டர் கொண்டுவர வேண்டியிருந்தது என்பதே அந்த இடத்தின் பெருமை. "நடந்து போலாமா மாமா?" என்றான் மருமகன், என் முழங்காலைப் பார்த்துக்கொண்டே.

வுஜல் வுஜல் என்ற குக்கு யலஞ்சி ஊருக்குத் தெற்கே தார் முடிகிறது. அங்கிருந்து இன்னல் முனைவரை உள்ள தடத்தை 1983, 84இல் புல்டோசர் விட்டு வெட்டினார்கள். வெட்டவிடாமல் இளைஞர்கள் மரத்தில் ஏறி உட்கார்ந்தார்கள், குழிதோண்டிக் கழுத்தளவு மண்ணில் புதைந்து நின்றார்கள். போலீஸ் தோண்டி எடுத்துக் கைது செய்தது. சாலை வந்துவிட்டது. முதல் மழையிலேயே செம்மண் கரைந்து பவளத்திட்டுப் பக்கம் இறங்கியது. ஆனால் அந்தச் சண்டையின் சத்தத்தில்தான் டெயின்ட்ரீ மழைக்காட்டின் பெயர் உலகத்துக்குத் தெரிந்தது. 1988இல் ஈர வெப்பமண்டலக் காடுகள் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. கௌவி மலைத்தொடரில் வண்டி ஏறும்போது கண்ணாடி வழியே வானம் மட்டும் தெரியும். இறங்கும்போது பள்ளம் மட்டும். இடது ஜன்னலிலும் வலது ஜன்னலிலும் அங்கே ஒன்றுமே தெரிவதில்லை; விசிறிப்பனை, பிரம்புக்கொடி, இருட்டு. வடக்கு தெற்கும் தெரிவதில்லை. மழைக்காட்டுக்காரர்களுக்கு வேறு கணக்கு இருக்கவேண்டும்: ஆற்றுக்கு மேலே, ஆற்றுக்குக் கீழே, கடல் பக்கம்.

2021 செப்டம்பரில் டெயின்ட்ரீ, கல்கஜகா, ங்கல்பா-புலல், நம்பிக்கைத் தீவுகள் நான்கையும், 1,60,000 ஹெக்டேருக்கு மேல், கிழக்குக் குக்கு யலஞ்சி மக்களிடம் அரசு திருப்பிக் கொடுத்தது. இப்போதைக்கு அரசோடு கூட்டு நிர்வாகம். நாங்கள் போனது அதற்கு அடுத்த ஆண்டு. அதற்கும் அடுத்த ஆண்டு டிசம்பரில் ஜாஸ்பர் புயல் வந்து கரையில் அப்படியே நின்றுவிட்டது. ஒரு வாரத்துக்குள் சில இடங்களில் இரண்டு மீட்டருக்கு மேல் மழை. புளூம்ஃபீல்ட் ஆறு வுஜல் வுஜலுக்குள் ஏறியது. மக்களை ஹெலிகாப்டரில் குக்டவுனுக்குக் கொண்டுபோனார்கள். மாதக்கணக்கில் அவர்கள் ஊர் திரும்ப முடியவில்லை. நாங்கள் ஏறி இறங்கிய தடம் பல இடங்களில் மலையோடு சரிந்துபோனது.

மருமகன் போனில் விவரம் சொன்னான். 1983இல் நான் அங்கே இருந்திருந்தால் குழிக்குள் நின்றவர்கள் பக்கம்தான் இருந்திருப்பேன். ஊருக்குள் மருந்தும் அரிசியும் வர அந்தச் சாலையை எப்போது திறப்பார்கள் என்று புயலுக்குப் பின் தினமும் கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும் திறந்தால் போதும், சுற்றுலாக் கார் எதற்கு அங்கே என்று அவனிடம் சொன்னேன்.

"நீங்க போயிட்டு வந்துட்டீங்க மாமா, அதான் சொல்றீங்க" என்றான்.